ஒன்பது மணி நேரத்துக்குப் பதினேழு நாள்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இவள் சீட்டாட்டத்தில் பெரிய கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒதுங்கியே நடப்பார்கள். விஷயம் அத்தனை சுவாரசியமானதில்லை. பஸ் இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைப்பது அவள் வேலை. அவள் தைத்த இருக்கைகளில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் பேர் எங்கெங்கோ போய் வந்துவிட்டார்கள். அவள் மட்டும் ஐம்பத்தெட்டு வயது வரை பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை.

அந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. இளவயதில் அவள் அங்கே சேர்ந்தபோது தையல் மெஷினில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்களுக்கு ஸ்பாஞ்சுத் துண்டு பொறுக்கும் வேலை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, மெஷினில் உட்கார்ந்து ஒரு உறையை முழுசாகத் தைத்துவிட்டாள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினார். அவள் எழுந்துபோய் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் மறுபடி பிடுங்கினார். அவள் மறுபடி சொருகினாள். சத்தம் கேட்டு வந்த முதலாளி, முதலில் உறையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "பிளக்கை விடுய்யா, தேஞ்சு போயிடும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மெஷின் அவளுடையது.

கல்யாணமும் ஆயிற்று. கணவன் ஒரு தடவை கை ஓங்கினான். இரண்டாவது தடவை ஓங்க அவள் அங்கே இல்லை. ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணன் மின்சார அலுவலகத்தில் மேலாளர், கறார் பேர்வழி. ஆனால் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பின் ரூம் காலியாத்தான் இருக்கு" என்றார். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. இரண்டு வருடம் கழித்து அண்ணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, மூன்று வயதுக் குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு வந்து இவள் மடியில் உட்கார வைத்தார். அதற்கும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, பறந்தும் போய்விட்டது. அண்ணன் மகளான அந்த மருமகள் வேலை பார்க்கும் நகரம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். விமானத்தில் ஒன்பது மணி நேரம். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். "நீயும் வந்துட்டா வீட்டை யார் பாத்துக்கறது?" என்று அப்போது கேட்டார். சரி என்று சீட்டக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு கெட்ட காலம். பட்டறையில் ரெக்ஸின் உருளையைத் தூக்கும்போது நெஞ்சில் சுளீரென்றது. மூச்சு வாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்க நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது என்றார்கள். விலாவில் குழாய் போட்டு, ஒரு வழியாகத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அந்த போன் வந்தது. மருமகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை ரயில் பெட்டிகளுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். ஏற்கெனவே கல்யாணமாகி, அது முறிந்து, நாலு வயதில் ஒரு பெண் குழந்தையோடு இருக்கிறவன்.

அண்ணன் போனைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"இந்த வீட்டுலேருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான் போறேன்" என்றாள் தங்கை.

"என்னது?"

"காதுல விழலையா? நான் போறேன்னேன்."

"உனக்குச் சோறு போட்டவன் நான். அது ஞாபகம் இருக்கட்டும்."

"போட்டே. இல்லேன்னு சொல்லல. சமைச்சது நான்."

அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அவள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"விமானம் மட்டும் வேண்டாம்மா. உங்க நுரையீரல்ல பலூன் மாதிரி சின்னச் சின்னப் பைகள் இருக்கு. மேல போனா காத்தழுத்தம் குறையும், அது உப்பும். அங்க வெடிச்சுதுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"எப்பவுமே வேண்டாம்னுதான் சொல்வேன்."

விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்கு முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "பாத்தியா? நான் தடுத்தா கேக்க மாட்டே. ஆண்டவனே தடுத்துட்டான்" என்றார். அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

சீட்டக்கா அன்று சாப்பிடவில்லை. பின் அறையில் உட்கார்ந்து யோசித்தாள். வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஒரு உறுப்பு கொஞ்சம் சுருங்கினால், ஒரு மனுஷியை வீட்டோடு உட்கார வைத்துவிடலாம் என்பதை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. மறுநாள் காலையில் திரும்ப டாக்டரிடம் போய் நின்றாள்.

"மேல போகக் கூடாது, சரி. கீழ போகலாமா?"

"கீழன்னா?"

"தரையில. பஸ், ரயில், கப்பல்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "தரையில போறவங்களை நான் எப்படித் தடுக்க முடியும்? கனம் தூக்காதீங்க. ரொம்ப உயரமான மலைவழி வேண்டாம். மூச்சு வாங்கினா எங்க இருந்தாலும் இறங்கிடுங்க."

அங்கிருந்து நேராக டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனாள். டிராவல்ஸ்காரர் வழுக்கைத் தலையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரைத் தட்டி, "நேர் விமானம் இருக்கும்மா. ஒன்பது மணி நேரம். காலையில இங்க காபி, சாயங்காலம் அங்க காபி" என்றார்.

"விமானம் வேண்டாம். தரையில எப்படிப் போறது?"

அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அப்படியெல்லாம் போக முடியாதும்மா."

"வழி இல்லையா? இல்ல, யாரும் போறதில்லையா?"

டிராவல்ஸ்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இருபது வருடமாக விமான டிக்கெட் போட்டே பழகிய மனுஷர் அவர். சுவரில் நிறம் மங்கித் தொங்கிய உலகப் படத்தின் முன்னால் போய் நின்று விரலை ஓட்டினார். ரயில், அப்புறம் பஸ், மறுபடி ரயில், நடுவில் ஒரு கடல். மலையைச் சுற்றிக்கொண்டு போனால் தூரம் பதினோராயிரத்தைத் தாண்டும். விரல் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும், அவர் குரலே மாறிப்போயிருந்தது.

"போலாம்மா. பதினேழு நாள் ஆகும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா போலாம்."

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பாஸ்போர்ட் எடுத்து, வழியில் வரும் நாடுகளுக்கெல்லாம் விசா வாங்க அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. பட்டறையில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பெயின்டர், "அக்கா, போட்டோ அனுப்பி வெச்சா போதாதா?" என்று கேட்டான். "உன் கல்யாணத்துக்கு உன் போட்டோவை அனுப்பிட்டு நீ வீட்டுல இருந்தியாடா?" என்றாள். அவன் பிரஷ்ஷோடு நழுவிவிட்டான்.

கிளம்புகிற அன்று அண்ணன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பையோடு வந்து நின்றபோதும் பேப்பர் கீழே இறங்கவில்லை.

"வழியில எங்கயாவது விழுந்து கிடந்தா யார் வந்து தூக்குவா?"

"விழுந்தா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் ரயிலில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பயமில்லை, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. வயல் போய்க் காடு வந்தது, காடு போய் மண்மேடு வந்தது. பிறகு ஒரு நாள் முழுக்க எதுவுமே இல்லாத சமவெளி. மொழி தெரியாத ஊர்களில் கையைக் காட்டி, தலையை ஆட்டி, வேண்டியதை வாங்கிக்கொண்டாள். ஒரு ஊரில் டீ கேட்கப் போய் சோப்பு கிடைத்தது. அதுவும் தேவையாகத்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினால் முதல் வேலை, இருக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது. தையல் விட்டிருந்தால், "எவனோ தூங்கிக்கிட்டே தைச்சிருக்கான்" என்று தனக்குத் தானே திட்டிக்கொள்வாள். படியேறும்போது மூச்சு வாங்கும். நின்று, அடங்கியதும் அடுத்த படி. பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, துறைமுகம் வரும் வரை. அங்கே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கப்பல் கிளம்பாது என்று ஒரு பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். என்றைக்குக் கிளம்பும் என்று கேட்டால், கவுன்டரில் இருந்தவர் வானத்தைக் காட்டினார். காத்திருப்பு மண்டபத்தில் இரும்பு நாற்காலிகள், ஈர வாடை. இரண்டு நாள் அங்கேயே கிடந்தாள். கையில் மிச்சம் வைத்திருந்த நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. நெஞ்சுக்குள் லேசாக வலித்தபோது, முதல் தடவையாக, அண்ணன் சொன்னது நடந்துவிடுமோ என்ற நினைப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் மருமகளிடமிருந்து போன். எடுத்ததும் அழுகை.

"அத்தை, அப்பா வராராம்."

"எங்க?"

"இங்கதான். நாளைக்கு பிளேன் ஏறாராம். கல்யாணத்தை நிறுத்தி என்னைக் கையோட கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார்."

சீட்டக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த விசா அவரிடம் இன்னும் செல்லுபடியாக இருக்கிறது. அவள் பத்து நாளுக்கு மேலாக உருண்டு புரண்டு வந்துகொண்டிருக்க, அவர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி உட்கார்ந்து, ஒன்பது மணி நேரத்தில் அவளை முந்திவிடுவார். மேலே எங்கோ அவள் தலைக்கு நேராகக்கூடப் பறந்து போவார்.

"நான் என்ன பண்ணட்டும் அத்தை? நீங்க வர வரைக்கும் தேதியைத் தள்ளி வெச்சிடவா?"

"என் பேரைச் சொல்லி ஒருத்தரும் தேதியை மாத்தக் கூடாது. இங்க பாரு, அழறதை நிறுத்து. அப்பா வந்தா கதவைத் திற. குளிக்க வெந்நீர் போடு. தட்டுல சாப்பாடு போடு. காதுல மட்டும் எதையும் போட்டுக்காதே."

"நீங்க எப்ப வருவீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அன்று மத்தியானம் கடல் அடங்கியது. கப்பல் அக்கரை சேர்ந்தபோது, அவள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது இரண்டு நாள் கழித்து. கப்பலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள். கரையிறங்கும் இடத்தில் இவள் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த மனைவி அருகே வந்தாள். ஒரு வார்த்தை இருவருக்கும் பொதுவாக இல்லை. சீட்டக்கா போனில் மருமகள் படத்தையும் அவள் வீட்டு விலாசத்தையும் காட்டினாள். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். ரயில் போய்விட்டதைக் கையை வீசி, வாயால் ஊதிக் காட்டினாள். அவர்களுடைய லாரியும் அதே நகரத்துக்குத்தான் போகிறதுபோல; அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, கணவனிடம் ஏதோ சொல்லிவிட்டு, லாரியின் கதவைத் திறந்து இவள் பையை மேலே எறிந்தாள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு முன்னால், அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணின் அத்தை பயணத்தைத் தொடர்ந்தாள். சாலை நன்றாக இருந்தது. மூச்சும் சீராக இருந்தது. அந்த மனைவி தன் மொழியில் பாட, இவள் தன் மொழியில் பாட, நடுவில் கணவன் மட்டும் பாவம்போல ஓட்டிக்கொண்டு வந்தான்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு மருமகள் வீட்டு வாசலில் லாரி நின்றது. பதினொன்றுக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கதவைத் திறந்தது மருமகள். தலை வாரவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. புதுத்துணி நாற்காலியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சமையலறை மேஜையில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அதே இடத்தில் அதே பேச்சாம். கத்தவில்லை, திட்டவில்லை. "என்னைக் கொன்னுட்டு நீ நல்லா இரு" என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

தங்கையைக் கண்டதும் அவர் ஒரு கணம் எழப்போனார். அவள் சட்டை முழுக்க மண், தலையில் ஒரு கோஸ் இலைத் துணுக்கு. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா? நல்லது. இவளைக் கிளப்பு. சாயங்காலம் விமானம்."

சீட்டக்கா அவரைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள்.

"அப்பாவை விடு. இத்தனை நாள் வந்தேனேன்னு என்னையும் விடு. உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், தரையிலயே."

மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "வேணும் அத்தை."

"அப்ப போய்த் தலையை வாரு."

அண்ணன் மேஜையைத் தட்டினார். "நீ யாரு இதுல முடிவு பண்ண? நீயா பெத்தே?"

"இல்ல. பெத்தவ செத்துப்போனா. அன்னிக்குக் குழந்தையை என் மடியில உக்கார வெச்சப்ப இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்."

"ஒருத்தியை விட்டுட்டு வந்தவன் அவன்."

"நானும் ஒருத்தனை விட்டுட்டு வந்தவதான். அன்னிக்கு நீ ஏன் எதுக்குன்னு கேக்கல. பையை வாங்கி உள்ள வெச்சே. அந்த அண்ணன் எங்க போனான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதோரம் சிவந்திருந்தது. அவள் முகம் கழுவப் போனாள்.

பதிவு அலுவலகத்தில் பெண் வீட்டுச் சார்பில் அவள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவன். இவள் படி ஏறும்போது, மூச்சு வாங்குவதைக் கவனித்து, தானும் ஒவ்வொரு படியாக நின்று நின்று கூட வந்தான். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவன் குழந்தை ஏதோ கேட்டாள். "ஊர்லேருந்து ஏன் நீங்க மட்டும் இவ்வளவு மெதுவா வந்தீங்கன்னு கேக்கறா" என்றாள் மருமகள். "வழியில நெறைய பாக்க வேண்டியிருந்துதுன்னு சொல்லு" என்றாள் சீட்டக்கா. அண்ணன் வரவில்லை. எல்லோரும் வீடு திரும்பியபோது அவர் பெட்டி இல்லை. சாப்பிட்ட தட்டு மட்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. மருமகள் அதைப் பார்த்து அழுதாள். சீட்டக்கா அவளை அழவிட்டாள். அதை நிறுத்தச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் இருந்துவிட்டு, வந்த வழியே, வந்ததைவிட நிதானமாக ஊர் திரும்பினாள். பூட்டை மாற்றியிருந்தால் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொள்வது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். பூட்டு மாறியிருக்கவில்லை. அண்ணன் ஹாலில் இருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

"உள்ள இருக்கு. உப்பு கொஞ்சம் தூக்கலா ஆயிடுச்சு."

கொஞ்சம் இல்லை, நிறையவே. அவள் சாப்பிட்டாள். கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்றுவரை அவர் மகளோடு பேசுவதில்லை. ஆனால் மகள் போனில் கூப்பிட்டால், முன்புபோல எழுந்து மாடிக்குப் போவதில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். பக்கத்தைத் திருப்புவதும் இல்லை. சீட்டக்கா போனைக் கொஞ்சம் உரக்க வைத்துக்கொண்டு பேசுகிறாள்.

இப்போது மருமகள் உண்டாகியிருக்கிறாள். சீட்டக்கா மறுபடி லீவு கேட்டபோது முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பழைய முதலாளியின் மகன் அவர்.

"அக்கா, ஒரு தடவை போனீங்க, சரி. இந்த வயசுல மறுபடியும் அவ்வளவு தூரம் தரையிலயா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன், ரோட்டை எடுத்துட்டாங்களா?"